இஞ்ச் டேப்புக்குள் ஒரு விரல்

தலையில் நீர் கோத்துக்கொண்டது என்று சொன்னால் நம் ஆட்களுக்கு என்ன தோன்றும்? மழையில் நனைந்திருப்பார், நாலு தும்மல் போடுவார், ஆவி பிடித்தால் சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த ஒரு வார்த்தையை நம்பி என் மனைவியின் அக்கா பார்வதி, சாம்பிராணியும் சுக்குமாக ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துவிட்டார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

என் மகள் அமுதாவுக்கு நாலு வயது நடக்கிறது. போன வாரம் அவளைப் பார்த்த டாக்டர், இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். அந்தத் தெம்பில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இதே வார்த்தையை எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சில் இன்னொரு தகப்பன் கேட்கத்தான் போகிறான். அது தும்மலும் சளியும் இல்லை என்று அவனுக்கு ஒருத்தராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

நான் தையல்காரன். பெயர் முத்தையா. சிராங்கூன் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையின் அஞ்சடி நடைபாதையில் என் மெஷின் கிடக்கிறது. கடைக்காரர் நாகூர்ப் பக்கத்தவர், நான் நானா என்று கூப்பிடுவேன். துணி அவர் விற்பார், தைப்பது நான். பதினைந்து வருஷமாக மனுஷர்களின் கழுத்தையும் இடுப்பையும் அளந்தே பிழைக்கிறேன். ஒருவர் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவருக்கு எத்தனை கெஜம் வேண்டும் என்று என் கண் சொல்லிவிடும். இந்தத் தலைக்கனத்துக்குத்தான் பிறகு நன்றாக வாங்கினேன்.

என் மனைவி லெட்சுமிக்கு ஏழாம் மாதம் முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. டன்லப் ஸ்திரீட்டில் எங்கள் மாடி அறையில் உட்கார்ந்து சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். திரிஷா வண்டியில் ஏற்றிப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அன்று சாயங்காலமே பிறந்துவிட்டாள். மூன்று ராத்தல். தேக்கா மார்க்கெட்டில் நாங்கள் வாங்கும் கோழி அதைவிடக் கனம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், நான் கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பெட்டி ஒரு கண்ணாடி, சன்னல் ஒரு கண்ணாடி, இரண்டையும் தாண்டித்தான் என் பிள்ளையின் முகத்தை முதலில் பார்த்தேன்.

மூன்றாம் நாள் அவளுக்கு வலிப்பு வந்தது. முகம் வெளுத்து, மூச்சு நின்று நின்று வந்ததாம். முதுகுத்தண்டின் கீழ்ப்பக்கம் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தெளிவாக இருக்க வேண்டிய நீர் ரத்தமாக இருந்தது. குழந்தை டாக்டர் சீனர், இங்கிலீஷில் ஏதோ நீளமாகச் சொன்னார். அந்த வார்டு நர்ஸ் பிலோமினா, மிஸ்ஸி என்போம், நம்மவர், வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். அவர்தான் அதைச் சுருக்கி, தலையில் நீர் கோத்துக்கொள்ளும் என்றார். லெட்சுமி பிள்ளை பெற்ற கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்டாள். பார்வதி அக்கா பக்கத்தில் நின்று கேட்டார்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் அக்கா ஒரு பையோடு வந்தார்.

“நீர் கோத்துக்கிட்டதுக்கா பிள்ளைய பொட்டியில போட்டு அடைச்சு வச்சிருக்காங்க? ஒரு தடவ சாம்பிராணி காட்டி, உச்சியில சுக்குப் பத்துப் போட்டா ரெண்டு நாள்ல எறங்கிரும். எங்க அந்த மிஸ்ஸி?”

மிஸ்ஸி பையைத் திறந்து பார்த்தார்.

“அக்கா, அந்தப் பொட்டிக்குள்ள ஆக்சிஜன் போகுது. நீங்க இத இங்க பத்த வச்சீங்கன்னா பிள்ள மட்டும் இல்ல, நானும் நீங்களும் சேந்து போயிருவோம். வாங்க, உக்காருங்க. நான் சொன்ன விதம்தான் தப்பு.”

பிறகு எங்கள் இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்துச் சொன்னார். அவர் சொன்ன மாதிரியே இங்கே எழுதுகிறேன், அதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

“மூளைக்குள்ள சின்னச் சின்ன அறை இருக்கு தம்பி. அதுல தினமும் தண்ணி ஊறும். ஊறி, ஒரு வழியா வெளிய வந்து, ரத்தத்துல கலந்து போயிரும். எனக்கும் உங்களுக்கும் அப்படித்தான் நடக்குது, நமக்குத் தெரியறதில்ல. மாசம் நிறையாத பிள்ளைக்கு அந்த எடத்துல ரத்தக் குழாயெல்லாம் ரொம்ப மெல்லிசு. உங்க பிள்ளைக்கு அது ஒடஞ்சிருச்சு. கசிஞ்ச ரத்தம் தண்ணி போற வழிய அடைச்சிருச்சு. ஊறுறது நிக்காது, போறதுக்கு வழி இல்ல. அப்ப என்ன ஆகும்?”

“தலை வீங்குமா?”

“வீங்கும். பிள்ளையோட மண்ட எலும்பு இன்னும் ஒட்டல, அதனால வெளிய வளரும். உள்ளுக்க மூளைய நசுக்கும். சில பிள்ளைங்களுக்கு வழி தானா தொறந்துக்கும். சில பிள்ளைங்களுக்குத் தொறக்காது. எதுன்னு பாக்குறதுக்கு ஒரே வழி, தினமும் தலைய அளக்கிறது.”

அக்கா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன். மறுநாள் மத்தியானம் அடுக்குச்சட்டியில் பூண்டுக் குழம்பும் சோறும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. அமுதா வீட்டுக்கு வரும்வரை ஒரு நாளும் தப்பவில்லை. ரேஸ் கோர்ஸ் ரோட்டிலிருந்து வெயிலில் நடந்தே கொண்டுவருவார், வைத்துவிட்டுப் போய்விடுவார். சுக்கைப் பற்றி அதன்பின் ஒரு வார்த்தை பேசியதில்லை.

லெட்சுமியை ஒரு வாரத்தில் அனுப்பிவிட்டார்கள், பிள்ளையை அனுப்பவில்லை. தாய்மார் அங்கே தங்க முடியாது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை போய்ப் பால் பீய்ச்சிக் கொடுத்துவிட்டு வருவாள். குழாய் வழியாக அதைப் பிள்ளைக்கு ஏற்றுவார்கள். போகும்போது வேகமாகப் போவாள், வரும்போது நடை தளர்ந்திருக்கும். கை வீசிக்கொண்டு வருகிற பிள்ளை பெற்றவளைப் பார்த்து அக்கம்பக்கத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கு நான் அவர்களுக்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

தலை வளர்ந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை உச்சிக்குழி வழியாக ஊசி இறக்கி நீரை எடுத்தார்கள். உச்சிக்குழி என்பது பிள்ளையின் தலை நடுவில் துடித்துக்கொண்டிருக்குமே, எலும்பு மூடாத மெத்தென்ற இடம், அதுதான். முதல் தடவை நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு சோதனைக் குழாயில் வந்த நீரின் நிறத்தைப் பார்ப்பதே எங்கள் வேலையாகிவிட்டது. முதலில் சிவப்பு, பிறகு பால் விடாத டீ, தே ஓ நிறம், பிறகு மஞ்சள். மஞ்சளாவது நல்லது, பழைய ரத்தம் கரைகிறது என்றார் மிஸ்ஸி. ஐந்தாம் வாரத்தில் தலை வளர்வது மெதுவானது. ஆறாம் வாரம் பிள்ளை ஐந்து ராத்தலைத் தொட்டாள். வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார் டாக்டர்.

அன்றுதான் மிஸ்ஸி என்னிடம் அளக்கும் வேலையைக் கொடுத்தார். புருவத்துக்கு மேலே, காதுக்கு மேலே, பின்மண்டையில் எங்கே அதிகம் புடைத்திருக்கிறதோ அந்த இடத்தைச் சுற்றி. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தடவை. இன்றைய அளவு பதின்மூன்றரை அங்குலம். வாரத்துக்குக் கால் அங்குலம் கூடினால் சரி, அரை அங்குலம் கூடினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்படியே ஓடிவர வேண்டும்.

“நல்லாப் பாத்துக்குங்க தம்பி, இப்படித்தான் பிடிக்கணும்,” என்று அவர் காட்ட வந்தார்.

“மிஸ்ஸி, எனக்கா அளக்கச் சொல்லித் தர்றீங்க? என் தொழிலே அதுதான் லா,” என்றேன். அவருடைய யூனிபாரத்தில் இடது தோள் அரை அங்குலம் இறங்கியிருப்பதைக்கூட அப்போது சொல்லிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு டேப்பைச் சுருட்டி வைத்தார். அவர் காட்டியதை நான் பார்க்கவே இல்லை.

மறுநாள் வெள்ளி. பிள்ளையை லெட்சுமியின் மடியில் வைத்து என் டேப்பால் அளந்தேன். பதினாலு. லெட்சுமியின் முகம் மாறிவிட்டது.

“நேத்து பதிமூணரைன்னாங்க. ஒரே நாள்ல அரை இஞ்சா?”

“பயப்படாத. அவங்க டேப்ப நீ பாத்தியா? துணி டேப்பு, ஒரு நாளைக்கு நாப்பது தலையச் சுத்தி இழுத்து இழுத்து நீண்டு போச்சு. நீண்ட டேப்பு குறைச்சுத்தான் காட்டும். என்னுது புதுசு. இதுதான் சரியான கணக்கு.”

இதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு திருப்தியாக இருந்தது தெரியுமா? ஆஸ்பத்திரியையே திருத்திவிட்டதாக நினைப்பு. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பதினாலு என்று பெரிதாக எழுதி வைத்தேன்.

அடுத்த வெள்ளியன்று தீபாவளித் துணிகள் கடையில் மலைபோல் குவிந்துவிட்டன. நான் வர நேரமாகிவிட்டது. லெட்சுமியே அளந்து எழுதியிருந்தாள். பதினாலு. ஒரு நூல்கூடக் கூடவில்லை. அவளும் நானும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம். வழி தானாகத் திறந்துவிட்டது, எங்கள் பிள்ளை தப்பித்துவிட்டாள் என்று முடிவு கட்டினோம். நான் கீழே இறங்கிப் போய் அரை ராத்தல் லட்டு வாங்கிவந்தேன். நானாவுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த வாரத்தில்தான் பிள்ளை கக்க ஆரம்பித்தாள். குடித்த பால் அப்படியே வெளியே வந்தது. அழுவது குறைந்து, தூங்குவது கூடியது. கண்கள் கீழேயே பார்த்தன. கருவிழி பாதி கீழிமைக்குள் இறங்கி, மேலே வெள்ளை தெரியும். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். எதிர்வீட்டு அம்மாள் வந்து, பிள்ளை வெட்கப்படுகிறாள் என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். உள்ளே நீர் அழுத்தும்போது கண் அப்படித்தான் இறங்கும் என்பது எங்களுக்கு யாருக்கும் தெரியாது.

“எனக்கு என்னமோ சரியாப் படலங்க. ஒரு எட்டு மிஸ்ஸிகிட்ட காட்டிட்டு வந்துருவோம்,” என்றாள் லெட்சுமி, செவ்வாய்க்கிழமை.

“அளவுதான் நிக்குதே. பால் ஒத்துக்கலையோ என்னமோ. வெள்ளிக்கிழமை பாப்போம்.”

புதன்கிழமையும் கேட்டாள். அப்போதும் அதையே சொன்னேன். பெற்றவள் கண்ணால் பார்த்துச் சொல்கிறாள், நான் காலண்டர் தாளைக் காட்டிப் பதில் சொல்கிறேன். இதை எழுதும்போதுகூட என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவளே அளந்தாள். பதினாலரை. அப்போதும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

“நீ தளர்த்தியாப் பிடிச்சிருப்பே. கொடு இங்க.”

நான் அளந்தேன். பதினைந்து.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒரே தலை, ஒரே டேப்பு, ஒரு நிமிஷத்துக்குள் இரண்டு அளவு. மறுபடி அவள் அளந்தாள், பதினாலரை. மறுபடி நான், பதினைந்து. மூன்றாவது தடவை நான் டேப்பைச் சுற்றியபோது லெட்சுமி என் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விரல எடுங்க,” என்றாள்.

“என்ன?”

“டேப்புக்கு அடியில விரல் வச்சிருக்கீங்க. எடுங்க.”

பார்த்தேன். என் இடதுகை ஆள்காட்டி விரல் டேப்புக்கும் பிள்ளையின் நெற்றிக்கும் நடுவில் சமர்த்தாகப் படுத்திருந்தது. கழுத்தளவு எடுக்கும்போது தையல்காரன் டேப்புக்குள் ஒரு விரலைக் கொடுத்துத்தான் அளப்பான். அந்த லூஸ் இல்லாவிட்டால் சட்டை கழுத்தைப் பிடிக்கும். எங்களுக்கு அது மூச்சு விடுவது போல, செய்கிறோம் என்றே தெரியாது. உலகத்தில் வேறு எந்தத் தகப்பன் பிள்ளையின் தலைக்கு லூஸ் வைத்து அளந்திருப்பான்?

விரலை எடுத்தேன். டேப்பு பதினாலரையில் வந்து உட்கார்ந்தது. எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ஆஸ்பத்திரி டேப்பு நீளவில்லை, பதின்மூன்றரை என்பதுதான் சரியான அளவு. முதல் வெள்ளி நான் எழுதிய பதினாலில் அரை அங்குலம் என் விரல். அடுத்த வெள்ளி லெட்சுமி அளந்த பதினாலு நிஜமான பதினாலு. நின்றுவிட்டது என்று நாங்கள் லட்டு தின்ற அந்த நாளிலேயே தலை அரை அங்குலம் வளர்ந்திருந்தது. ஓடிவாருங்கள் என்று மிஸ்ஸி சொன்ன அதே அரை அங்குலம்.

ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனோம் என்று சரியாக நினைவில்லை. கழுத்தில் டேப்பு தொங்கியபடியே போயிருக்கிறேன். மிஸ்ஸி பிள்ளையின் கண்ணைப் பார்த்தார், உச்சிக்குழியைத் தொட்டார், உடனே டாக்டரைக் கூப்பிட்டார். உச்சிக்குழி மெத்தென்று இல்லை, பந்து மாதிரி விறைத்து நின்றது. அப்போதே ஊசி இறக்கி நீரை எடுத்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், எப்படி அளந்தேன் என்று என் விரலை வைத்துக் காட்டவும் செய்தேன். மிஸ்ஸி இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல, டாக்டர் கேட்டுக்கொண்டே வந்தவர், தன் விரலை டேப்புக்குள் விட்டு ஒருமுறை பார்த்தார். அவர் சொன்னதை மிஸ்ஸி தமிழில் சொன்னார்.

“ஒரு வாரம் முந்தி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு சொல்றாரு. பொய் சொல்ல அவருக்குத் தெரியாது. ஆனா பிள்ள இன்னும் நம்ம கையிலதான் இருக்குன்னும் சொல்றாரு. அழுறத அப்புறம் வச்சுக்குங்க. இனிமே டேப்பு லெட்சுமி கையில.”

அன்று மத்தியானமே ஆம்புலன்ஸில் ஊரின் மறுபக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே மூளையில் அறுவை செய்கிற டாக்டர் இருந்தார். அவரும் சீனர்தான், ஆனால் நிதானமாகப் பசார் மலாயில் பேசுவார். எனக்கும் கடைத்தெரு மலாய் தெரியுமாதலால் நடுவில் ஆள் தேவைப்படவில்லை. ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். மூளைக்குள் நீர் தேங்கும் அறையில் ஒரு மெல்லிய குழாயின் நுனியை வைப்பார்களாம். குழாய் தோலுக்கு அடியிலேயே காதுக்குப் பின்னால் இறங்கி, கழுத்து ரத்தக் குழாய்க்குள் நுழைந்து இருதயத்துக்குப் போகும். நடுவில் ஒரு வால்வு. சைக்கிள் டியூபில் இருக்கிற மாதிரி, ஒரு பக்கம் போகவிடும், திரும்பி வரவிடாது. வெளிநாட்டில் செய்தது, இங்கே வந்து அதிக காலம் ஆகவில்லை.

“இருதயத்துக்குள்ள தண்ணி போனா ஒண்ணும் ஆகாதா?” என்று கேட்டேன்.

அந்த நீர் எப்படியும் ரத்தத்தில் கலக்க வேண்டியதுதான், இயற்கை போட்ட வழி அடைத்துக்கொண்டதால் நாம் வேறு வழி போடுகிறோம், அவ்வளவுதான் என்றார்.

லெட்சுமி கேட்டது வேறு. அவள் கேட்டதை நான்தான் மலாயில் மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது.

“பிள்ளைக்குப் புத்தி நல்லா இருக்குமான்னு கேளுங்க.”

டாக்டர் பேனாவை மூடினார். உயிரைக் காப்பாற்ற முடியும் என்று நினைக்கிறேன், கண்ணையும் காப்பாற்றலாம், புத்தியைப் பற்றி இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது, மூன்று நாலு வயது ஆகட்டும், அவளே சொல்வாள் என்றார்.

உடனே செய்யவும் முடியவில்லை. நீரில் பழைய ரத்தம் மிச்சமிருந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும். தெளிகிற வரைக்கும் தினமும் ஊசியால் எடுத்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். ஒன்பது நாள் காத்திருந்தோம். தீபாவளி அதற்குள் வந்துபோனது. வேலையை என்ன செய்வது என்று நான் நானாவிடம் கேட்கக்கூட இல்லை. வெட்டிவைத்த துணிகளை எல்லாம் அவரே பக்கத்துத் தெருத் தையல்காரர்களிடம் பிரித்துக் கொடுத்து, வந்து சத்தம் போட்ட வாடிக்கைக்காரர்களுக்கும் அவரே பதில் சொல்லியிருக்கிறார். தீபாவளியன்று காலையில் அவரும் அவர் சம்சாரமும் வார்டுக்கு வந்தார்கள். லெட்சுமிக்கு ஒரு சேலை கொண்டுவந்திருந்தார்.

“கட்டிக்கம்மா. நல்ல நாளும் அதுவுமா பழசோட உக்காந்திருக்காதே. பிள்ளைக்கு நாங்களும் துஆ செஞ்சுக்கிட்டிருக்கோம்.”

லெட்சுமி அதை அங்கேயே குளியலறையில் போய் மாற்றிக்கொண்டு வந்தாள். வந்து உட்கார்ந்தபின் ரொம்ப நேரம் அழுதாள். அந்த இரண்டு வாரத்தில் அவள் அழுதது அன்றைக்குத்தான். என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பத்தாம் நாள் சோதனைக் குழாயில் குழாய்த் தண்ணீர் போலத் தெளிவாக வந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அறுவைக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். பார்வதி அக்கா மடியில் அடுக்குச்சட்டியை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், யாரும் திறக்கவில்லை. பதினொன்றே காலுக்கு டாக்டர் வந்தார். பச்சை அங்கி, முதுகுப் பக்கம் முடிச்சு, அதில் ஒரு முடிச்சு அவிழ்ந்திருந்தது. அந்த நேரத்திலும் என் கண் அதைத்தான் முதலில் பார்த்தது. அவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். உட்கார்ந்தபடியே கும்பிட்டேன்.

உள்ளே போய்ப் பார்த்தபோது பாதித் தலை மழித்து, கட்டுப் போட்டு, தட்டையாகப் படுக்க வைத்திருந்தார்கள். நீர் ரொம்ப வேகமாக இறங்கிவிடக் கூடாது என்பதால் சில நாள் தலையைத் தூக்கக் கூடாதாம். விறைத்து நின்ற உச்சிக்குழி இப்போது லேசாகக் குழிந்திருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் அடித்தது. குழாயில் கிருமி சேர்ந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று கேட்டு இரண்டு நாள் செத்துப் பிழைத்தோம். மருந்தில் இறங்கிவிட்டது. ஆறாம் நாள் காலை லெட்சுமி கட்டிலுக்கு மேல் குனிந்து கூப்பிட்டாள். கருவிழி இரண்டும் மெதுவாக மேலே ஏறி வந்து அவள் முகத்தில் நின்றன.

“என்னப் பாக்குறா. ஏங்க, என்னப் பாக்குறா,” என்றாள். அவளை நான் அப்படிச் சந்தோஷமாகப் பார்த்ததே இல்லை.

அந்த வார்டில் தலையில் கட்டுப் போட்ட பிள்ளைகள் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். தலை வழியாகச் சட்டை மாட்ட முடியாமல் தாய்மார்கள் அவஸ்தைப்படுவதைப் பார்த்தேன். பக்கவாட்டில் முழுக்கத் திறந்து நாடாவால் கட்டுகிற மாதிரி ஒரு டஜன் சட்டை தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

வீட்டுக்கு வந்த பிறகும் பயம் விடவில்லை. ஒரு தும்மலுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறோம். வளர வளரக் குழாய் குட்டையாகிவிடும் என்பதால் இரண்டு வயதில் ஒருமுறை திறந்து நீளமாக மாற்றினார்கள். இன்னும் மாற்ற வேண்டிவரும். வால்வு அடைத்தால் என்ன தெரியும் என்று டாக்டர் சொன்னதை லெட்சுமி மனப்பாடமாக வைத்திருக்கிறாள்: கக்குவது, தூங்கித் தூங்கி விழுவது, கண் கீழே இறங்குவது. உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். அளவு என்ன சொன்னாலும், பெற்றவள் சரியில்லை என்றால் உடனே கிளம்பிவிடுங்கள்.

அமுதா உட்கார்ந்தது ஒரு வயதில். நடந்தது இரண்டு கழித்து, அதுவும் இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான். பேச்சும் தாமதம். இரண்டரை வயது வரைக்கும் நாலைந்து வார்த்தைதான். மற்ற பிள்ளைகள் வாயாடுவதைக் கேட்கும்போது லெட்சுமி உள்ளே போய்விடுவாள். பிள்ளைக்குப் புத்தி எப்படி என்று நேராகக் கேட்டவர்களும் உண்டு. நன்றாகத்தான் இருக்கிறாள் என்று சொல்வேன், சொல்லிவிட்டு மெஷினை வேகமாக மிதிப்பேன். அந்த ஒரு வாரம் அவள் மூளையில் எதை நசுக்கிவிட்டுப் போனது என்று எனக்கு எப்படித் தெரியும்? ராத்தூக்கம் கெட்டது என்றால் அதை நினைத்துத்தான் கெட்டது. மூன்று வயதுக்கு மேல் வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. வந்தாலும், கேட்டதற்குப் பதில் சொல்வாளே தவிர, அவளுக்குள் என்ன ஓடுகிறது என்று எங்களுக்குப் பிடிபடவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டு மெஷினில் ஒரு ஜிப்பாவுக்குக் கை இணைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து லெட்சுமி சத்தம் போட்டாள்.

“கட்டிப்பால் டின்ன யாரு காலி பண்ணுனது? காலையிலதான் உடைச்சேன்!”

அமுதா என் மெஷினுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து வெட்டுத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“அமுதா, பால் தின்னியா?” என்று கேட்டபடி லெட்சுமி வெளியே வந்தாள்.

“இல்ல. அப்பா.”

“அப்பாவா?”

“ஆமா. அப்பாதான் தின்னாரு. பாரு, கரண்டி அங்க இருக்கு.”

கை நீட்டிய இடத்தில், என் மெஷின் மேஜையில், நூல் கட்டைகளுக்கு நடுவே ஒரு கரண்டி பிசுபிசுவென்று கிடந்தது. நான் கத்தரிக்கோலைத் தேடக் குனிந்த நேரத்தில் கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். பிள்ளை முகத்தை நன்றாகத் துடைத்திருந்தாள். ஆனால் பின்னலின் நுனியில் ஒரு சொட்டுப் பால் ஒட்டிக்கொண்டிருந்தது.

லெட்சுமி கரண்டியைப் பார்த்தாள், பின்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். திட்டம் போட்டு, சாட்சியும் வைத்து, அப்பன் தலையில் பழியைப் போட்டிருக்கிறாள் என் மகள். இவள் மூளையில் என்ன குறை இருக்க முடியும்?

“ஏங்க,” என்றாள் லெட்சுமி, “உண்மையாவா?”

அமுதா இப்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று.

“ஆமா லெட்சுமி,” என்றேன். “நாந்தான் தின்னேன்.”